துளைக்குக் கிடைத்த நோபல்

(பெங்களூரு அல்சூரில், ஞாயிறு மாலைத் தமிழர் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மழை வருவதற்குள் முடித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம்.

2021 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆக்சிஜன் சிலிண்டருக்கு இந்த ஊரே அல்லாடிய நேரம். அப்போது சில வீடுகளுக்கு ஒரு சின்ன இயந்திரம் வந்து சேர்ந்தது, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர். அதற்குச் சிலிண்டர் கிடையாது, நிரப்ப ஆள் வர வேண்டாம். பிளக்கைச் செருகினால் அறையில் இருக்கும் காற்றிலிருந்தே 90 சதவீதத்துக்கும் மேல் சுத்தமான ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுத்தது. சில நொடிக்கு ஒருமுறை 'புஸ்' என்று ஒரு சத்தம் வருமே, நினைவிருக்கிறதா?

அந்தப் பெட்டிக்குள் இரண்டு குழாய்கள் இருக்கும். இரண்டிலும் சின்னச் சின்ன வெளிறிய மணிகள். ஜியோலைட் என்று பெயர். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து உருவான பொருள். மூலக்கூறு நுழையும் அளவுக்கு அதற்குள் நுண்துளைகள் உண்டு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் நைட்ரஜன் துளைகளில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் கடந்து போய்விடும். அழுத்தத்தைக் குறைத்தால் பிடித்து வைத்த நைட்ரஜன் வெளியேறிவிடும். ஒரு குழாய் வேலை பார்க்கும்போது இன்னொன்று தன்னைக் காலி செய்துகொள்ளும். அந்த 'புஸ்' இந்த முறைமாற்றத்தின் சத்தம்தான்.

ஆக, துளை உள்ள பொருளை வைத்து வேலை வாங்குவது புதிதல்ல. நம் வீட்டு வாட்டர் ஃபில்டரில் இருக்கும் கரி, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம், எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன. குறை ஒன்றே ஒன்று. துளை என்ன அளவில் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். எனக்கு இந்த வாயுவை மட்டும் பிடிக்கிற துளை வேண்டும், இவ்வளவு அகலம், சுவரில் இன்ன அணுக்கள் என்று கேட்டு வாங்க முடியாது.

அப்படிக் கேட்டு வாங்கலாம் என்று காட்டியதற்குத்தான் 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவின் பெர்க்லியில் இருக்கும் ஓமர் யாகி, மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். அவர்கள் உருவாக்கிய பொருள்களுக்கு உலோகக் கரிமச் சட்டகங்கள் என்று பெயர். ஆங்கிலத்தில் 'மெட்டல் ஆர்கானிக் ஃபிரேம்வொர்க்', ஆய்வகங்களில் சுருக்கி 'மாஃப்' என்றே சொல்லிவிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

கதை 1974-இல் ஒரு தச்சு வேலையில் ஆரம்பிக்கிறது. ராப்சன் மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரிகள் செய்ய வேண்டியிருந்தது. அணுவுக்கு மரப்பந்து, பிணைப்புக்குக் குச்சி. பந்தில் குச்சி செருகத் துளை போட வேண்டுமே. கண்ட இடத்தில் போட முடியாது, கார்பன் என்றால் நான்கு துளைகள், அதுவும் சரியான கோணத்தில். எங்கெங்கே என்று குறித்துக் கொடுத்தார், பட்டறையில் துளைத்துத் தந்தார்கள். மாதிரிகளைக் கோத்துப் பார்க்கும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. துளை இருக்கும் இடத்திலேயே முழு வடிவமும் ஒளிந்திருக்கிறது. பந்தையும் குச்சியையும் கையில் கொடுத்தால் யார் கோத்தாலும் அதே வடிவம்தான் வரும். அப்படியானால் அணுக்களுக்குப் பதில் மூலக்கூறுகளை இப்படித் தாமாகவே கோத்துக்கொள்ளச் செய்ய முடியாதா?

யோசனை வந்தது, ஆனால் மனிதர் அதைப் பத்து வருடத்துக்கும் மேலாகத் தொடவில்லை. ஒவ்வொரு ஆண்டும் பாடம் நடத்த அந்த மரப்பந்துகளை எடுக்கும்போது மட்டும் அது எட்டிப் பார்க்குமாம். கடைசியில் செம்பு அயனியை எடுத்தார், அது நான்கு திசையில் கை நீட்டும். நான்கு கைகள் கொண்ட ஒரு கரிம மூலக்கூறையும் சேர்த்தார். இரண்டும் கன்னாபின்னாவென்று சிக்கிக்கொள்ளும் என்றுதான் வேதியியலார் பலரும் எதிர்பார்த்திருப்பார்கள். வந்ததோ வைரத்தின் அமைப்பில் ஒழுங்கான படிகம். வைரத்தில் அணுக்கள் நெருக்கி அடைந்திருக்கும், இதற்குள் பெரிய பெரிய வெற்றிடங்கள். 1989-இல் வெளியிட்டார். ஆனால் ரொம்பப் பூஞ்சையான பொருள், சீக்கிரம் குலைந்துவிடும்.

கிடகாவாவுக்கு வேறு தொல்லை. நிதி கேட்டுப் போன இடத்தில் எல்லாம் 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஜியோலைட் மலிவாக, திடமாக ஏற்கெனவே இருக்கிறது, இவர் காட்டும் பொருளோ தொட்டால் உடைகிறது. மனிதர் விடவில்லை. 1997-இல் மூன்று திசையிலும் திறந்த கால்வாய்கள் உள்ள ஒரு சட்டகத்தைச் செய்தார். உள்ளே இருந்த நீரை வெளியேற்றினார், அப்புறம் மீத்தேன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்று மாற்றி மாற்றி நிரப்பினார். வடிவம் குலையவில்லை. மாஃப்கள் வளைந்து கொடுக்கவும் செய்யும், வாயு நுழையும்போது விரிந்து வெளியேறும்போது சுருங்கும் என்று சொல்லிக்காட்டியதும் அவர்தான். கெட்டிக் கனிமமான ஜியோலைட்டிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

யாகி 1965-இல் ஜோர்டானின் அம்மானில் பிறந்தவர். பாலஸ்தீன அகதிக் குடும்பம், ஒரே அறையில் நிறைய பிள்ளைகள், மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. 15 வயதில் அமெரிக்காவுக்குப் போனார். 1999-இல் அவர் வெளியிட்ட மாஃப்-5 தான் இந்தத் துறையைப் புரட்டிப் போட்டது. அதில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

மூலைகளில் துத்தநாகம். நான்கு துத்தநாக அயனிகள் ஓர் ஆக்சிஜனைச் சூழ்ந்து நிற்கும் சின்னக் கொத்து. அந்தக் கொத்திலிருந்து மேல், கீழ், நான்கு பக்கம் என்று ஆறு திசையில் கம்பிகள் போகும். கம்பி எதனால் ஆனது? டெரெப்தாலிக் அமிலம். பெயர் பயமுறுத்தும், ஆனால் நீங்கள் மேசையில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலின் மூலப்பொருளே அதுதான். கரைசலில் சேர்த்துச் சூடாக்கினால் கனசதுரப் படிகமாக வருகிறது. பாதிக்கு மேல் வெறும் வெற்றிடம். அதைக் காலியாகவே 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினாலும் இடிந்து விழவில்லை.

ஒரு கிராம் மாஃப்-5 இன் உள்சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 2,900 சதுர மீட்டர் வரும் என்று அன்றைக்குக் கணக்கிட்டார்கள். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், 30க்கு 40 அடி சைட் 26. ஒரு கிராமுக்குள்! இன்றைக்கு அந்த அளவைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிய மாஃப்கள் வந்துவிட்டன.

ஆனால் பரப்பளவை விட எனக்கு முக்கியமாகப் படுவது 2002-இல் யாகி குழு செய்தது. மூலையை அப்படியே வைத்துக்கொண்டு கம்பியை மட்டும் மாற்றினார்கள். நீளக் கம்பி போட்டால் பெரிய துளை, கம்பியின் பக்கத்தில் வேறு அணுக்களைத் தொங்கவிட்டால் வேறு குணம் உள்ள துளை. அப்படி 16 வகை. சொல்லி வைத்துத் துளை செய்வது என்பது அன்றைக்குத்தான் முழுசாக நிரூபணமானது. நம் ஜக்கூரில் இருக்கும் ஜவஹர்லால் நேரு மையத்திலும் இந்த வகைப் பொருள்களில் நல்ல ஆய்வு நடக்கிறது. பரிசு அறிவித்த வாரம் அங்கே போயிருந்தால் இனிப்பு கிடைத்திருக்கலாம்.

சரி, பத்திரிகைகள் இதை எப்படி எழுதின? 'பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர்!' எல்லாத் தலைப்பும் அதுதான். பொய்யில்லை. இரவில் காற்று குளிர்ந்து ஈரப்பதம் ஏறும்போது நீர் மூலக்கூறுகள் மாஃபின் துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பகலில் சூடு ஏறினால் விட்டுவிடும், அதைக் குளிரவைத்துப் பிடித்துக்கொள்ளலாம். 2019-இல் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், அலுமினியத்தால் செய்த மாஃப்-303 ஐ வைத்து, ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.7 லிட்டர் எடுத்துக் காட்டியது யாகி குழு. தண்ணீருக்குக் காத்திருந்து வளர்ந்த பையன் செய்த வேலை இது என்று நினைக்கும்போது யாருக்கும் நெகிழ்ச்சி வரும்.

ஆனால் 2024 கோடையில் போர்வெல் வற்றி, டேங்கர்காரர் போனை எடுக்காமல், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டவர்கள் நாம். ஆகவே கணக்குப் போட்டுப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. நான்கு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். மொஹாவி கணக்கில் பார்த்தால் வீட்டுக்கு 770 கிலோ மாஃப் வேண்டும்.

அது கூடப் போகட்டும், நாளைக்கு இன்னும் நல்ல மாஃப் வரலாம். எந்த மாஃப் வந்தாலும் மாறாத கணக்கு ஒன்று இருக்கிறது. துளையில் பிடித்த நீரை விடுவிக்க, குறைந்தபட்சம் நீரை ஆவியாக்கும் அளவுக்காவது வெப்பம் கொடுக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 2,400 கிலோஜூல். 540 லிட்டருக்கு 360 யூனிட், அதுவும் ஒரே நாளைக்கு. உங்கள் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள், ஒரு மாதத்துக்கே அவ்வளவு ஓடாத வீடுகள் நிறைய. வெயில் இலவசம்தானே என்பீர்கள். இலவசம்தான், ஆனால் அதைப் பிடிக்க இடம் வேண்டும். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு ஐந்து யூனிட் போல விழுகிறது என்று வைத்தால், ஒரு துளி வெப்பமும் வீணாகாமல் பிடித்தாலே 72 சதுர மீட்டர் மாடி வேண்டும். ஒரு குடும்பத்துக்கு! நான்கு மாடி அபார்ட்மென்டில் இருப்பவர் எங்கே போவார்?

இன்னொரு பக்கம் பாருங்கள். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி, ஏறக்குறைய 500 மீட்டர் மேலே ஏறி இங்கே வருகிறது. எவ்வளவு விரயம் என்று நாமே அலுத்துக்கொள்வோம். ஒரு லிட்டரை 500 மீட்டர் தூக்க அடிப்படையில் ஐந்து கிலோஜூல்தான் ஆகும். பம்பிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்துப் பத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து எங்கே, 2,400 எங்கே! ஏரியைத் தூர்த்து லேஅவுட் போட்டுவிட்டு, காற்றிலிருந்து தண்ணீர் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. குழாயும் கிணறும் இல்லாத இடத்தில் நான்கு பேர் குடிக்க 12 லிட்டர் வேண்டும் என்றால், 17 கிலோ மாஃப் போதும், அங்கே இது வரப்பிரசாதம். வேலை அந்த இடத்தில்தான்.

மாஃபின் உண்மையான சாமர்த்தியம் கலவையிலிருந்து ஒன்றை மட்டும் பொறுக்குவது. சிமென்ட் ஆலைப் புகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கார்பன் டைஆக்சைடு இருக்கிறது, கூடவே நீராவியும் இருக்கிறது. ஜியோலைட்டைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் நீரைப் பிடித்துக்கொண்டு நிரம்பிவிடும், அப்புறம் கார்பன் டைஆக்சைடுக்கு இடம் ஏது? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் செய்த கால்ஃப்-20 என்ற மாஃப், ஓரளவு ஈரம் இருக்கும்போதும் கார்பன் டைஆக்சைடையே பிடிக்கிறது. துத்தநாகம், ஆக்சலேட், டிரையசோல் என்று சாதாரணச் சரக்குதான். 2021-இல் அதன் விவரம் வெளியானது, கனடாவிலேயே ஒரு சிமென்ட் ஆலையில் வைத்து, நாளைக்கு ஒரு டன் பிடிக்கும் அளவில் சோதித்தார்கள். ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் ரசாயன நிறுவனம் அதை ஆண்டுக்குப் பல நூறு டன் தயாரிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. எந்தத் தலைப்புச் செய்தியிலும் சிமென்ட் ஆலை வரவில்லை. பாலைவனம் போல அது படத்துக்கு எடுப்பாக இருக்காது, என்ன செய்ய.

சிப் துறையில் இருப்பவர்கள் இங்கே சிலர் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்கு ஒன்று. சிலிக்கானில் ஆர்செனிக் ஏற்றுவதற்கு ஆர்சீன் வாயு வேண்டும், கொடிய விஷம். அதை உயர் அழுத்தத்தில் சிலிண்டரில் அடைத்தால், வால்வு கொஞ்சம் கசிந்தாலும் ஆபத்து. சிலிண்டருக்குள் மாஃபை நிரப்பினால் வாயு துளைகளில் ஒட்டிக்கொண்டு, உள்ளழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவாகவே இருக்கும். கசிந்தால் வெளிக்காற்றுதான் உள்ளே போகுமே தவிர, விஷம் வெளியே பீறிடாது. 2016-லேயே இது விற்பனைக்கு வந்துவிட்டது.

இப்போது கேள்விகள். முன்வரிசையில் ஓர் ஐயா கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார்... 'கிலோ என்ன விலை?' என்கிறார். இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஐயா, ஒரே விலை கிடையாது. உலோகம் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, துத்தநாகமும் அலுமினியமும் கடையில் கிடைப்பது. கம்பிதான் விலையைத் தீர்மானிக்கிறது. டெரெப்தாலிக் அமிலம் போலத் தொழிற்சாலைகளில் மலை மலையாகத் தயாராகும் சரக்கு என்றால் மலிவு. ஆய்வகத்தில் ஐந்தாறு படியில் செய்ய வேண்டிய மூலக்கூறு என்றால், அந்த மாஃப் ஆய்வுக் கட்டுரையோடு நின்றுவிடும். அடுத்து கரைப்பான். நிறைய மாஃப்களை டைமெத்தில் ஃபார்மமைடில் காய்ச்சுகிறார்கள், அது கல்லீரலைக் கெடுக்கும் நச்சு, மீட்டெடுக்கவும் செலவு. கால்ஃப்-20 ஐத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து செய்யலாம், அதனால்தான் அது டன் கணக்குக்குப் போக முடிந்தது. கடைசியாகத் தாக்குப்பிடித்தல். இவ்வளவு புகழ்ந்தேனே மாஃப்-5, அதை இந்த ஊர் ஜூலை மாத ஈரக்காற்றில் திறந்து வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைந்துவிடும். சிர்கோனியம் வைத்துச் செய்பவை ஈரத்தைத் தாங்கும், விலை கொஞ்சம் கூடும். இந்த மூன்றையும் கேட்காமல் யாராவது மாஃப் தொழிலில் முதலீடு செய்யச் சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பின்னால் அந்த அம்மா, நீங்கள் கேளுங்கள்.