இரவல் முகங்கள்

அவையோர்க்கு வணக்கம்.

1772-ஆம் ஆண்டில், வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் காலனியான ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகரில், நியூ இங்கிலாந்து எனப்படும் அந்தப் பகுதியின் பழைய போர் ஒன்றைப் பற்றிய நூல் மறுபதிப்பாக வந்தது. 1675-இல் மூண்ட அந்தப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று பெயர் பெற்ற படைத்தலைவர் பெஞ்சமின் சர்ச். அவரை எதிர்த்து நின்றவர் அமெரிக்கப் பூர்வகுடிகளான வம்பனோக் மக்களின் தலைவர் மெட்டாகொமெட். ஆங்கிலேயர் அவரைப் ‘பிலிப் மன்னர்’ என்றழைத்தனர். இருவரின் உருவங்களையும் செப்புத் தகட்டில் செதுக்கித் தந்தவர் பாஸ்டன் நகரத்து வெள்ளிக் கொல்லரான பால் ரிவியர்.

சர்ச்சின் முகத்துக்கு ரிவியர் எங்கே போனார்? 1764-இல் இறந்த சார்லஸ் சர்ச்சில் என்ற ஆங்கிலக் கவிஞரின் அச்சுப்படத்தை எடுத்துக்கொண்டு, கழுத்திலிருந்து வெடிமருந்துக் கொம்பு ஒன்றைத் தொங்கவிட்டார், கவிஞர் படைத்தலைவராகிவிட்டார். பெயர் ஒற்றுமை மட்டுமே இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கவிஞர், லண்டனில் அரசாங்கத்தை எதிர்த்துச் சிறை சென்ற ஜான் வில்க்ஸின் நெருங்கிய நண்பர்; அந்த வில்க்ஸின் பெயரை 1768-இலேயே ரிவியர் தாம் செய்த வெள்ளிக் கிண்ணத்தில் பொறித்திருந்தார்.

பார்த்துச் செதுக்குவதை அக்காலத்தில் பெருங்குற்றமாக எவரும் கருதவில்லை. லண்டனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய அச்சுப்படங்களே காலனிக் கைவினைஞர்களுக்குப் பாடநூல்களாக இருந்தன. படத்தில் உள்ளபடியே தகட்டில் செதுக்கினால், அச்சில் இடம் வலமாக மாறிவிடும். இரவல் வாங்கியதை இன்றும் பல படங்களில் அந்தத் திருப்பமே காட்டிக்கொடுக்கிறது.

அறிந்தே, வெளிப்படையாக இரவல் வாங்கியவர்களும் உண்டு. 1768-இல் அமெரிக்க ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் வெளியிட்ட வில்லியம் பிட்டின் படத்தைப் பாருங்கள். அமெரிக்கக் காலனிகள்மீது ஆங்கில அரசு விதித்த முத்திரை வரியை எதிர்த்துப் பேசிய அந்த ஆங்கில அரசியல்வாதி, ரோமானிய உடையில், கையில் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட பழைய சாசனமான மாக்னா கார்ட்டாவுடன் நிற்கிறார். பின்னணியில், 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட இடமான வைட்ஹால் மாளிகை. மன்னர் எல்லை மீறினால் என்ன நேரும் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் அந்தக் கட்டடம் சொல்லிவிடுகிறது. இது திருட்டன்று, பார்ப்பவருக்கு முன்பே தெரிந்த உருவங்களைக் கொண்டு வாதாடுவது.

ஆனால் 1770-இல், பாஸ்டன் நகரில் ஆங்கிலப் படையினர் மக்களைச் சுட்டுக் கொன்ற ‘பாஸ்டன் படுகொலை’யை ஓவியர் ஹென்றி பெல்ஹாம் வரைந்திருந்தார்; அந்தப் படத்தை ரிவியர் முந்திக்கொண்டு அச்சிட்டு விற்றபோது, பெல்ஹாம் கொதித்தெழுந்தார். நெடுஞ்சாலையில் வழிமறித்துக் கொள்ளையடித்ததற்கு இது ஈடு என்று ரிவியருக்கே கடிதம் எழுதினார். பெல்ஹாமுக்குக் கடிதம் எழுதக் கையாவது இருந்தது.

மெட்டாகொமெட்டுக்கு அதுவும் இல்லை. அவர் உயிரோடிருந்தபோது வரைந்த படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. 1710-இல் லண்டன் சென்று ஆன் அரசியைச் சந்தித்த மோஹாக், மஹிக்கன் என்ற வேறு பூர்வகுடிகளின் தலைவர்களின் அச்சுப்படங்களிலிருந்து கூறுகளை எடுத்துத்தான் ரிவியர் அவருக்கு ஓர் உருவம் அமைத்தார். மோஹாக் மக்கள் வேறு, வம்பனோக் மக்கள் வேறு. அந்தப் போரிலேயே மோஹாக்குகள் மெட்டாகொமெட்டின் படையைத் தாக்கியவர்கள். ஆங்கிலேயரான சர்ச்சுக்கு ஓர் ஆங்கிலேயரின் முகமாவது கிடைத்தது; மெட்டாகொமெட்டுக்கோ பகைவரின் சாயல் வாய்த்தது. என் மனத்தை இன்றும் உறுத்துவது இதுதான்.

1676-இல் அவரைக் கொன்றவர்கள், அவர் தலையை நியூ இங்கிலாந்தின் பிளிமத் நகரில் கம்பத்தில் ஏற்றிப் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். அந்த வழியே நடந்த எவரும் அந்த முகத்தை வரைந்து வைத்ததாகச் சான்றில்லை.