சீகன்பால்கு ஏடு தேடிய கரையில்

மேடையில் வீற்றிருக்கும் பேராயர் ஐயா அவர்களே, தலைமை ஏற்றிருக்கும் சேகர குருவானவர் அவர்களே, அழைத்ததும் தட்டாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜமாத் தலைவர் அவர்களே, திருமடத்தின் சார்பில் வந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, பெண்கள் ஐக்கியத்துத் தாய்மார்களே, பாடகர் குழுப் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். புலவர் ஐயா கைவலியோடு பஸ் ஏறி வந்திருக்கிறார். ஜமாத் தலைவரோ மஃரிப் தொழுகையை முடித்த கையோடு வந்தவர். இந்த இருவருக்கும் முதலில் கைதட்டுங்கள். பிறகு நான் பேசுகிறேன்.

‘எறும்பும் தன் கையால் எண் சாண்’ என்றார் ஔவைப் பாட்டி. எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. ஒவ்வொருவருக்கும் தம்மை அளக்கத் தம் கை இருக்கிறது. பிறர் முழத்தை நம் கையால் அளந்துவிட்டுக் குறைகிறது என்று சொல்வது அறமன்று. பல சமயத்தார் நடுவே ஊழியம் செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அயலாரின் நூலைக் கற்பது ஒன்று. அயலாரின் வாயால் கேட்பது இரண்டு. அவர்களுடைய தத்துவத்தோடு நேர்நின்று உரையாடுவது மூன்று.

1706 ஜூலை 9ஆம் நாள், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானியர்கள், அன்று டேனியர் வசமிருந்த இந்தத் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்கள். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளுட்சோ. அவர்கள் நம்மவரைக் கிறிஸ்தவராக்கவே வந்தார்கள். இத்தனை சமயத்துப் பெரியவர்கள் இருக்கும் சபையில் அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் சீகன்பால்கு முதலில் செய்தது என்ன? ஒரு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியரைப் பிள்ளைகளோடு வரவழைத்து, அந்தப் பொடியன்கள் நடுவே தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் ‘அ’ எழுதினார். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி ஏதும் தெரியாது. பிறகுதான், ஐரோப்பியப் பதிவுகளில் அலெப்பா என்று எழுதப்பட்டிருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் துணைக்கு வந்தார். அந்தத் தமிழருக்கு நாம் இன்னும் ஒரு விழா எடுக்கவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். சீகன்பால்குவுக்கு ஏட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது. தம்மிடம் வேலை பார்த்த எழுத்தர்களைப் பல நாள் வழிநடையாக உள்நாட்டுக்கு அனுப்பினார். எங்கே போகச் சொன்னார்? அரண்மனைக்கா? மடத்துக்கா? இல்லை. கணவனை இழந்த பிராமணப் பெண்களின் வீடுகளுக்கு! படித்தவர் போய்விட்டார். ஏடுகள் மட்டும் வீட்டில் கிடந்தன. குறைந்த விலைக்குக் கிடைத்தன என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். நினைத்துப் பாருங்கள்! வாசலில் ஒரு எழுத்தர் நிற்கிறார். உள்ளே அந்த அம்மாள், கணவர் கையால் தொட்டுப் படித்த சுவடிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அரிசி இல்லாத நாளாக இருந்திருக்கலாம். பிள்ளைகள் பசித்திருக்கலாம். சில காசுகளுக்குச் சுவடி கைமாறுகிறது. அதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அப்படிச் சேர்ந்தவற்றுக்கு 1708இல் அவர் ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள், ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. திருக்குறள் அதில் இருக்கிறது, சிவவாக்கியம் இருக்கிறது. கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்தார். அதே ஆண்டு அவரைக் கோட்டைச் சிறையில் அடைத்தவர்கள் சைவரும் அல்லர், முஸ்லிம்களும் அல்லர். டேனிஷ் தளபதிதான் அடைத்தார். நான்கு மாதம்!

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். 1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவருடன் பணியாற்றிய குருண்ட்லரும் தமிழருக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் கடவுளர் யார், எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், ஏன் எங்களோடு சேர மறுக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். 99 பதில்கள் ஜெர்மன் மொழிக்குப் பெயர்ந்து, ஜெர்மனியில் இந்த ஊழியத்தை ஆதரித்தவர்கள் இருந்த ஹாலே நகருக்குப் போயின. ஐரோப்பியர் குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி தின்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை என்று நம்மவர் முகத்துக்கு நேரே எழுதினார்கள். அதையும் மறைக்காமல் அனுப்பி வைத்தார்களே, அதுதான் ஊழியம்! எறும்பும் தன் கையால் எண் சாண். அந்தக் கையை நீட்டவிட்டு, அளவைக் குறித்துக்கொண்டார்கள்.

அந்தக் கடிதங்களின் தமிழ் மூலம் எங்கே? நம் கையில் இல்லை. நம் முன்னோர் நம் மொழியில் எழுதியதை நாம் ஜெர்மன் வழியாகப் படிக்கிறோம். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் சீகன்பால்கு எழுதி முடித்த பெருநூலை ஹாலேயில் இருந்தவர்கள் அச்சிட மறுத்தார்கள். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. ஆனாலும் அச்சேறியது, காரணம், கையெழுத்துப் படியை யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள்.

இங்கேதான் என் மனக்குறையைக் கொட்ட வேண்டியிருக்கிறது. ஒரு குருமனையில், அதாவது குருவானவர் குடியிருக்கும் வீட்டில், பழைய அலமாரியைத் திறந்தபோது, கையால் எழுதிய கீர்த்தனைப் புத்தகங்கள் கரையான் தின்று மண்ணாக உதிர்ந்ததைப் பார்த்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். எந்த உபதேசியார் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதினாரோ! கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி மெட்டில் பெத்லகேமைப் பாடினார் என்று பெருமை பேசுகிறோம். அவர் வழியில் பாடிய எத்தனை பேருடைய ஏடுகளைக் குப்பையில் கொட்டினோம்? அயலாரோடு நம் முன்னோர் எப்படிப் பேசினார்கள், எங்கே மோதினார்கள், எங்கே இணங்கினார்கள் என்பதற்குச் சாட்சி இந்தத் தாள்கள்தான். அவை போய்விட்டால் சமய உரையாடல் என்பது மேடையில் சால்வை மாற்றிக்கொள்வதோடு நின்றுவிடும்.

மூன்றாவதான தத்துவம் பெரிய கடல். ஷோமெருஸ் என்ற லைப்சிக் மிஷனரி 1912இல் சைவ சித்தாந்தத்தைப் பற்றி ஜெர்மனில் ஒரு முழு நூலே எழுதினார். அதை விரிக்க இன்று நேரமில்லை. பேராயர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு அலமாரிதான் அவசரம்.

பேராயர் ஐயா அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். ஒவ்வொரு சேகரத்திலும் இரண்டு இளைஞர்களை நியமியுங்கள். குருமனை, உபதேசியார் வீடு, பழைய பள்ளிக்கூடம் எங்கும் இருக்கும் ஓலையையும் கையெழுத்தையும் பதிவேடுகளையும் பட்டியலிட்டுப் படமெடுக்கட்டும். மூலத்தை யாரும் எடுத்துப் போக வேண்டாம். இருந்த இடத்திலேயே இருக்கட்டும். புலவர் ஐயா, மடத்துச் சுவடிகளைக் கையாண்ட உங்கள் அனுபவத்தை எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும். ஜமாத் தலைவர் ஐயா, உங்கள் பெரியவர்கள் வைத்திருக்கும், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகளுக்கும் இதே பிள்ளைகள் வந்து உதவுவார்கள். எறும்பும் தன் கையால் எண் சாண் என்று மூன்று சமயமும் தத்தம் கையால் எழுதியவை ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வரட்டும்.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் பழைய சுவடியோ பாட்டு நோட்டோ இருந்தால், போகும்போது ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். நன்றி, வணக்கம்.