கச்சான்காரியில் பிழையில்லை

(தீபாவளிக்கு முன்னர் யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, தம்பி தங்கச்சிமாரே, வணக்கம்.

‘பண்டிகைகள் வியாபாரமாகிவிட்டனவா?’ என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். ‘ஓம்’ என்று சொல்லிவிட்டு இறங்கினால் கைதட்டுவீர்கள், எல்லாரும் நேரத்தோடு வீட்டுக்கும் போகலாம். எனக்கென்னவோ அந்த ‘ஓம்’ அவ்வளவு லேசாக வாயில் வரவில்லை.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை எடுங்கள். 25 நாள் திருவிழா. சுற்றிவரக் கச்சான் (நிலக்கடலை) கடை, காப்புக் கடை, ஐஸ்கிரீம் கடை. எங்கள் பாட்டிமார் காப்புப் போட்டதும் அந்தத் திருவிழாக் கடைகளில்தான். உள்ளே போனால் அர்ச்சனைச் சிட்டை 1 ரூபா. லண்டனிலிருந்து வந்தவருக்கும் அதே விலை, வெளியே கச்சான் வறுக்கிற அம்மாவுக்கும் அதே விலை. இத்தனை கடைக்கு நடுவிலும் அது கூடவில்லை.

இந்த முறைப்பாடும் பழசு. சின்னமேளம் என்கிற சதிராட்டம், வாணவேடிக்கை என்று கோயில் காசு கரைவதைக் கண்டு கொதித்தவர் ஆறுமுக நாவலர். அவர் மறைந்தது 1879இல். அப்போது இங்கே ‘மெகா சேல்’ பதாகை ஏது?

ஆகவே கச்சான்காரியை விடுவோம். மாறியது வேறொன்று. சைவச் சாப்பாட்டுக்காரர் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளலாம். நான் தீபாவளிப் பங்கு இறைச்சியைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

நாலைந்து வீட்டார் காசு சேர்த்து ஒரு கிடாய் வாங்குவார்கள். விடியப்புறம் வேலை தொடங்கும். பனையோலையைப் பரப்பி, எத்தனை பங்கோ அத்தனை கும்பி. எலும்பு, சதை, ஈரல், கொழுப்பு எல்லாம் எல்லாக் கும்பியிலும் சரிசமனாக விழ வேண்டும். ஒரு கும்பியில் ஈரல் கொஞ்சம் கூடிவிட்டால் போதும், போன வருசத்துக் கணக்கெல்லாம் வெளியில் வரும்! கையில் காசில்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு போகும்; ‘பிறகு தாங்கோ’ என்பார்கள், சிலவேளை அந்தப் ‘பிறகு’ வராது. அதுவும் கொடுக்கல் வாங்கல்தான். ஆனால் அயலவனைக் கூப்பிடாமல் அந்தக் கிடாயை வாங்க ஏலாது. இன்றைக்குக் கடையில் ஒரு கிலோ நிறுத்து, பொலித்தீன் பையோடு கேற்றைப் பூட்டிக்கொண்டு உள்ளே போகிறோம். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிந்ததா என்று யாருக்குத் தெரியும்?

சித்திரை வருசத்துக் கைவிசேஷமும் அப்படித்தான். வெற்றிலையில் காசை வைத்துத் தாத்தா நீட்ட, பிள்ளை குனிந்து வாங்கும். இப்போது அந்தச் சுபநேரத்தில் வங்கிகளும் மேசை போட்டுக் காசை வைப்பில் இடச் சொல்கின்றன.

அதற்காக, ‘அந்தக் காலத்தில் ஒன்றுமில்லாமலே சந்தோசமாக இருந்தோம்’ என்கிற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையும் மின்சாரம் இல்லாத இரவுகளும் எனக்கும் நினைவிருக்கிறது. 1995 தீபாவளி கழிந்து ஒரு கிழமை, ஒக்டோபர் 30, போருக்கு அஞ்சி வலிகாமப் பகுதிச் சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அந்த நாளில் ஒரு சவர்க்காரத்துக்கு ஏங்கின பெண்ணுக்கு இன்றைக்குப் புதுச் சீலை எடுக்க ஆசை வந்தால், அவவுக்கு எளிமையைப் பற்றிப் பாடம் எடுக்க நான் ஆளில்லை.

என் கோபம் கடனில். 2018இல் வடக்குப் பெண்களின் நுண்கடன் சுமையைக் குறைக்க அரசாங்கமே தலையிட வேண்டி வந்தது. அந்தக் கடனெல்லாம் பண்டிகைக்கு எடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு உடுப்பு, எங்கட பிள்ளைக்கு ஒன்றா?’ என்ற கேள்வி வரும்போது கிழமைத் தவணைக்காரர் வாசலில் நிற்கிறார். வெளிநாட்டுக் காசு வருகிற வீடு கொளுத்துகிற சீனவெடிச் சத்தம், வராத வீட்டுக்குள்ளும்தான் கேட்கும். உறவுகள் அனுப்புகிற காசை நான் குறை சொல்லவில்லை. அதில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. காசு வருகிற வீட்டார் வெடியில் பாதியைக் குறைத்து இறைச்சியில் ஒரு பங்கைக் கூடுதலாக எடுத்தால் என்ன?

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். செயலாளர் தம்பியிடம் கொப்பி இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு நிலையத்தின் பின்வளவில் பங்கு போடுவோம். விரும்பினவர்கள் பெயரை எழுதுங்கள். காசு இப்போது இல்லாதவர்களும் எழுதுங்கள், அதைக் கொப்பியில் குறிக்க வேண்டாம். சைவக்காரருக்குத் தோசையும் சம்பலும் உண்டு. ஈரல் பிரிக்கிற இடத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதேயுங்கோ.

வணக்கம்.