கொல்லங்கோடு வருவதற்குள் சொல்லி முடி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். இவ்வாண்டு கல்லூரியில் முதற்பருவம் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு, அவர்களிலும் குறிப்பாகக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்டித்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற எல்லையோர ஊர்களிலிருந்து பாலக்காட்டுக்கும் சித்தூருக்கும் நாள்தோறும் போய்வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, படிக்கும் முறையைப் பற்றிச் சில சொல்லுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சித்தூர் என்றதும் ஆந்திரத்துச் சித்தூரை நினைக்கும் நேயர்களுக்காக ஒரு சொல்: நான் சொல்வது 1947இல் அரசுக் கல்லூரி வந்த, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரை. நானும் இவர்களைப் போல எல்லையோரத் தமிழ்ப்பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனவள்தான். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றேன்.

கல்லூரியில் நான் எழுதிய முதல் இயற்பியல் தேர்வில் 50க்கு 11 மதிப்பெண் வாங்கினேன். படிக்காமல் போயிருந்தால் அந்த 11 எனக்கு வியப்பைத் தந்திராது. நான் படித்திருந்தேன். இயக்கவியல் பாடத்தை நான்கு முறை, வரி தப்பாமல், சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக்கொண்டே படித்திருந்தேன். கடைசியில் பக்கத்தில் கோடு விழாத வரிகளை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்குப் புத்தகம் சிவந்திருந்தது. வினாத்தாளைக் கண்டபோது ஒவ்வொரு கேள்வியும் தெரிந்த கேள்வியாகவே தோன்றியது. ஆனால் எழுதத் தொடங்கினால் இரண்டு வரிக்குமேல் கை ஓடவில்லை. ஆங்கிலம் வராததால்தான் இப்படி ஆயிற்று என்று வீட்டில் சொன்னேன், வீட்டாரும் நம்பினார்கள். அது பாதி உண்மைதான் என்பது விளங்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

சந்தையில் ஒருவரைப் பார்க்கிறோம். முகம் நன்றாகத் தெரிகிறது, சிரிக்கவும் செய்கிறோம். பெயர் என்னவென்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் திகைக்கிறோம். பார்த்ததும் அடையாளம் தெரிவது ஒன்று, பாராதபோது நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறொன்று. ஒரு பாடத்தை மீண்டும் மீண்டும் வாசிக்கும்போது முதல்வகைப் பழக்கம் ஏறிக்கொண்டே போகிறது. தேர்வுக்கூடத்தில் கேட்கப்படுவதோ இரண்டாவது. வாசிக்க வாசிக்கக் கண்ணுக்கு எளிதாவதை மனத்தில் ஏறிவிட்டதாக எண்ணிக்கொள்வதே கல்லூரி மாணவர்கள் பெரும்பாலோர் செய்யும் பிழை என்று, என் அனுபவத்தைக் கொண்டு என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்னும் இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதி மாணவர்கள் ஒரு சிறு கட்டுரையை நான்கு தடவை வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரே தடவை வாசித்துவிட்டு, அடுத்த மூன்று தடவையும் தாளைப் பாராமல், நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு தடவை வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு நினைவிருந்தது நூற்றுக்கு 40 பங்கு. நினைத்து எழுதியவர்களுக்கு 61 பங்கு. இதில் எனக்குச் சுவையாகத் தோன்றுவது வேறொன்று: தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள், பிறகு தோற்றுப்போன அந்த நான்கு தடவைக்காரர்களே. என் சிவப்புப் புத்தகம் எனக்குக் கொடுத்ததும் அந்த நம்பிக்கைதான்.

நம் முன்னோர் இதை ஆய்வு செய்யாமலே கண்டிருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசுமுன், பாடம் கேட்கும் முறையைப் பற்றிப் பேசுகிறது. கேட்டவற்றை நினைத்தல், தம்மோடு ஒத்தவர்களுடன் பயிலுதல், வினாதல், வினாயவற்றுக்கு விடை சொல்லுதல் என்று மாணவனின் கடமைகளை அது அடுக்குகிறது. அதனினும் துணிவாக ஒரு கணக்கும் சொல்கிறது: ஆசிரியர் உரைத்ததை நன்றாகவே வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் கிட்டும், உடன் பயில்வாரோடு பழகினால் இன்னொரு கால் பங்கு, எஞ்சிய அரைப்பங்கும், தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் கைவரும். ஆசிரியையாய் இருந்தவளுக்கு இந்தக் கால் பங்குக் கணக்கு கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். ஆனாலும் அது சரியான கணக்கு.

அந்த அரைப்பங்கு எனக்குக் கிடைத்தது ரயிலில். அக்காலத்தில் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு ஓடியது மீட்டர்கேஜ் பாசஞ்சர்; 2015இல்தான் அந்தத் தடம் அகலப்பாதையாகித் திறந்தது. மீனாட்சிபுரத்தில் நானும் என் தோழியும் ஏறுவோம். அவள் வணிகவியல், நான் இயற்பியல். இரண்டாம் பருவத்தில் ஒருநாள் விளையாட்டாக ஓர் ஏற்பாடு செய்தோம். முதலமடை தாண்டிக் கொல்லங்கோடு வருவதற்குள், முதல்நாள் வகுப்பில் கேட்டதைப் புத்தகமும் நோட்டும் பாராமல் நான் அவளுக்குத் தமிழில் சொல்லி முடிக்க வேண்டும்; கொல்லங்கோட்டிலிருந்து புதுநகரம் வரை அவள் எனக்குச் சொல்ல வேண்டும். அவளுக்கு இயற்பியல் தெரியாது என்பதே எனக்குப் பெரிய உதவியாயிற்று, ஏனென்றால் தெரியாதவரிடம் கலைச்சொல்லைப் போட்டு மழுப்ப முடியாது. சொல்லிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் நாக்கு நிற்கும். எனக்குத் தெரியாத இடம் அதுதான் என்று அப்போதே தெரிந்துவிடும். அன்றிரவு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும்; நான்கு தடவை முழுப்பாடத்தையும் வாசிக்கத் தேவையில்லை.

எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு மொழி ஒரு தனிப் பிரச்சினை என்பதை நான் மறுக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர், புத்தகம் ஆங்கிலத்திலும் விளக்கம் மலையாளத்திலும் நடக்கும் வகுப்பில் உட்காருகிறார். பேச்சு மலையாளம் நமக்குக் காதில் புரியும். பாட மலையாளம் அவ்வளவு எளிதில் புரியாது. நிறைக்கு மலையாளத்தில் பிண்டம் என்று பெயர். ஆசிரியர் அச்சொல்லைச் சொன்ன முதல் நாள், தமிழ்ப் பிள்ளைகள் இருந்த வரிசையில் திதிக்குப் படைக்கும் பிண்டத்தை நினைத்து எழுந்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. விசை அங்கே பலம். முடுக்கம் அங்கே துவரணம். ஆகவே ஒரு சிறு நோட்டில் மூன்று பத்தி கீறிக்கொள்ளுங்கள்: ஆங்கிலச் சொல், வகுப்பில் காதில் விழுந்த மலையாளச் சொல், நம் பள்ளிப் புத்தகத்துத் தமிழ்ச் சொல். ஒரு நாளைக்கு ஐந்து சொல் ஏறினாலும் முதற்பருவம் முடிவதற்குள் பெரும்பாலான தடைகள் நீங்கிவிடும். புரிந்துகொள்வதைத் தமிழிலேயே செய்யுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புரிந்த பிறகு அதையே ஆங்கிலத்தில் ஐந்து வரியாக எழுதிப் பழகுங்கள். புரியாததை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவருக்கு, நடுவில் ஒரு சொல் மறந்தால் அடுத்த வரி முழுவதும் போய்விடும்.

வகுப்பில் குறிப்பெடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்னும் பேராசிரியர் வகுத்தது அது. தாளின் இடப்பக்கத்தில் சுமார் இரண்டரை அங்குலம் விட்டுக் கோடு கீறி, வகுப்பில் வலப்பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். அன்று மாலையே, வலப்பக்கத்தில் உள்ளதெல்லாம் எந்தக் கேள்விக்கு விடையோ அந்தக் கேள்வியை இடப்பக்கத்தில் எழுத வேண்டும். அடியில் இரண்டங்குலத்தில் பக்கத்தின் சாரத்தை இரண்டு வரியில் தர வேண்டும். பிறகு படிக்கும்போது வலப்பக்கத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, கேள்வியை மட்டும் பார்த்து விடை சொல்ல வேண்டும். இடப்பக்கக் கேள்விகளைத் தமிழில் எழுதச் சொல்லி என் மாணவர்களுக்கு நான் பழக்கினேன். ரயிலில் தோழி செய்த வேலையை அந்த இரண்டரை அங்குலம் செய்கிறது.

அடுத்தது, எப்போது நினைத்துப் பார்ப்பது என்பது. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி சீராக நடப்பதில்லை. முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும் விரைவாகச் சரிந்து, பின்னர் மெல்லத் தணிகிறது என்பது அவர் கண்டது. பொருள் புரிந்த பாடம் அவ்வளவு விரைவாக மறப்பதில்லை என்றாலும், சரிவின் போக்கு இதுதான். எனவே கேட்ட அன்றே ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை, மாதம் கழித்து ஒருமுறை என்று இடைவெளி விட்டு நினைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும். தேர்வுக்கு முந்தைய இரவில் பத்து மணி நேரம் தொடர்ந்து உட்காருவதைவிட அந்தப் பத்துப் பத்து நிமிடங்கள் உறுதியானவை.

2024 ஜூலை முதல் கேரளத்தில் நான்காண்டு இளங்கலைத் திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இதற்குக் கூடுதல் தேவை வந்திருக்கிறது. நூற்றுக்கு 30 மதிப்பெண் பருவத்தின் நடுவிலேயே, இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட், செமினார் என்று பிரிந்து போய்விடுகிறது. கடைசி மாதத்தில் விழித்துக்கொள்பவர் அந்த 30ஐ ஏற்கெனவே பெருமளவு இழந்திருப்பார். தமிழ்நாட்டுப் பக்கம் அரியர் என்றும் இந்தப் பக்கம் சப்ளி என்றும் சொல்லப்படும் சுமை, பெரும்பாலும் பருவத்தின் மூன்றாம் நான்காம் வாரத்திலேயே சேரத் தொடங்குகிறது, யாருக்கும் தெரியாமல்.

கைபேசியைப் பற்றி நீண்ட உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை. நன்னூல் ஒருவகை மாணவனை ஆட்டுக்கு ஒப்பிடுகிறது. ஓரிடத்தில் வயிறு நிரம்ப மேயாமல் செடிக்குச் செடி வாய்வைத்துப் போவது ஆடு. படிக்கும் அரைமணி நேரம் கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும், அவ்வளவுதான். தூக்கத்தைப் பற்றி ஒரு வரி: பால் சேர்க்காத கட்டஞ்சாயாவைக் குடித்து விழித்திருந்து படித்ததை மூளை பதித்துக்கொள்வதற்கு வேண்டியதே தூக்கம்தான், அதைக் கொடுக்காமல் பாடத்தை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. வகுப்பின் முடிவில் ஆசிரியர்கள் வழக்கமாக, சம்சயம் ஏதும் உண்டோ என்று கேட்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் வரிசை தலைகுனிந்து நோட்டைப் பார்க்கும். ஐயம் இல்லாததால் அல்ல, எந்த மொழியில் கேட்பது, கேட்டால் சிரிப்பார்களோ என்ற தயக்கத்தால். நானும் ஏறத்தாழ ஓராண்டு அப்படித்தான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ரயிலில், மேல்நோக்கி எறிந்த பந்தின் இயக்கத்தைத் தோழிக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். பந்து மேலே போகப்போக வேகம் குறைகிறது, உச்சியில் ஒரு கணம் வேகம் சுழியம், பிறகு கீழே வருகிறது என்று தடையில்லாமல் சொன்னேன். வணிகவியல்காரி கேட்டாள்: "அந்த ஒரு கணம் பந்து நிக்குதுன்னா, அப்ப உன் முடுக்கமும் சுழியம்தானே?" ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கொல்லங்கோடு போயிற்று, அவள் முறையும் போயிற்று, புதுநகரமும் போயிற்று.

அன்று வகுப்பு முடிந்ததும் முதன்முறையாக இயற்பியல் துறை அறையின் வாசலில் போய் நின்றேன். பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலுமாகக் கேள்வியைக் கேட்டேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்து மேலே எறிந்து பிடித்துவிட்டு, உச்சியில் முடுக்கமும் சுழியமாகியிருந்தால் இது இந்நேரம் எங்கே இருந்திருக்கும் என்று திருப்பிக் கேட்டார். நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன்.

"அங்கேயே நின்றிருக்கும் சார்" என்றேன்.

உட்காரச் சொன்னார்.