மேசையின் அகலம்கூட இல்லாத உயரம்

அனைவருக்கும் வணக்கம்.

டேபிள் டென்னிஸ் மேசையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர், தரையிலிருந்து உயரம் 76 சென்டிமீட்டர். பயிற்சியாளர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். வந்திருக்கும் பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன். டெங் யாபிங் என்ற சீன வீராங்கனையின் உயரம் ஒன்றரை மீட்டர். மேசையின் அகலத்தைவிட அவர் குட்டை. மேசையின் மட்டமே அவர் உடம்பில் பாதிக்கு வந்துவிடும். இந்த உடம்போடு 1990 முதல் 1997 வரை எட்டு ஆண்டுகள் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். ஒலிம்பிக்கில் நான்கு தங்கம், உலக சாம்பியன்ஷிப்பில் ஒன்பது தங்கம்.

இந்தக் கதையை வழக்கமாக எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். குள்ளம் என்று ஒதுக்கினார்கள், அந்தப் பெண் மன உறுதியோடு உழைத்தாள், ஜெயித்தாள். உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, அவர் உழைத்த உழைப்பு அப்படி. ஆனால் சீனாவின் பயிற்சி மையங்களில் யார்தான் உழைக்கவில்லை? ஆயிரக்கணக்கான பிள்ளைகள் விடிவதற்கு முன்பே எழுந்து மட்டையைப் பிடித்தவர்கள்தான். அவர்களிலிருந்து டெங் வேறுபட்டது அந்த உடம்புக்கென்றே கட்டப்பட்ட ஓர் ஆட்டத்தால். அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் கண் உள்ள ஒருவர் சரியான இடத்தில் இருந்ததும் அவருக்கு வாய்த்தது. இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

ஹெனான் மாகாணத்தின் ஜெங்ஜோ நகரில் 1973 பிப்ரவரி 6 அன்று டெங் பிறந்தார். அப்பாவும் டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரர், பயிற்சியாளர். ஐந்து வயதில் மகள் கையில் மட்டையைக் கொடுத்தார். கொஞ்சம் வளர்ந்ததும் மாகாண அணிக்கு அனுப்பினார்கள். உயரம் போதாது, இந்தப் பிள்ளைக்கு எதிர்காலம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நகர அணியில் சேர்ந்து பயிற்சி எடுத்தார். 13 வயதில் தேசிய சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகும் தேசிய அணியின் கதவு உடனே திறக்கவில்லை. காரணம் மறுபடியும் அதே உயரம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தேர்வாளர்கள் முட்டாள்கள் இல்லை. கை நீளமாக இருந்தால் மேசையின் இரண்டு மூலையும் எட்டும், கால் நீளமாக இருந்தால் ஒரே எட்டில் பந்தைப் பிடிக்கலாம் என்பது உண்மைதானே? அவர்கள் கணக்கில் தப்பில்லை. அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு வழி இருக்கும் என்றுதான் அவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்த வழி என்ன? பயிற்சியாளர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

மேசையை விட்டுத் தள்ளி நின்றால் எதிராளி அடிக்கும் கோணம் விரிந்துகொண்டே போகும். அதைச் சமாளிக்க நீண்ட கை வேண்டும். ஆகவே டெங் தள்ளி நிற்பதே இல்லை. மேசையை ஒட்டி நின்று, பந்து குத்தி எழும்பும்போதே, உச்சிக்கு வருவதற்கு முன்பே அடித்துவிடுவார். இப்படி அடித்தால் இரண்டு லாபம். பந்து விரிந்து போவதற்குள் கைக்கு வந்துவிடுகிறது, குட்டைக் கை போதும். எதிராளிக்கோ அடுத்த அடிக்குத் தயாராகக் கிடைக்கும் நேரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. உங்களுக்கும் நேரம் இருக்காது. கால்கள் ஓயாமல், சின்னச் சின்ன எட்டாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சிறு வயதிலேயே அவர் காலில் மணல் பை கட்டிக்கொண்டு பயிற்சி எடுத்ததாகச் சொல்வார்கள். அந்தக் கால்களின் வேகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

அடுத்தது மட்டை. சீனாவில் வெகுகாலம் பேனா பிடிப்பதுபோல மட்டை பிடிப்பதுதான் வழக்கம். டெங் கைகுலுக்குவதுபோலப் பிடிக்கும் ஷேக்ஹேண்ட் ஆட்டக்காரர். ஃபோர்ஹேண்ட், அதாவது உள்ளங்கைப் பக்கம் வழவழப்பான சாதாரண ரப்பர். பேக்ஹேண்ட் என்ற புறங்கைப் பக்கம் லாங் பிம்பிள்ஸ், அதாவது நீளமான குட்டி முளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர். இந்த முளைகளில் பந்து பட்டால் அவை வளைந்து வழுக்கிவிடும், பந்தைப் பிடித்துக்கொள்ளாது. ஆகவே எதிராளி கொடுத்த சுழற்சி பெரும்பாலும் அப்படியே பந்தில் தங்கி, திரும்பிப் போகும்போது தலைகீழாக வேலை செய்யும். நீங்கள் டாப் ஸ்பின், அதாவது முன்னோக்கிச் சுழற்சி கொடுத்து அடித்தால் உங்களுக்குத் திரும்பி வருவது பின்னோக்கிச் சுழலும் பேக் ஸ்பின். வழக்கம்போல அடித்தால் பந்து வலையில். 1986-இல் மட்டையின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்று விதி வந்துவிட்டது, எந்த ரப்பரில் அடிக்கிறார் என்று எதிராளிக்குக் கண்ணெதிரே தெரியும். தெரிந்தும் திணறினார்கள். ஏனென்றால் இந்த ரப்பரை அதுவரை அதிகம் பயன்படுத்தியவர்கள் மேசையிலிருந்து தள்ளி நின்று வெட்டி ஆடும் தற்காப்பு ஆட்டக்காரர்கள். டெங் அதை மேசை ஓரத்திலேயே நின்று, படாரென்று தட்டி அடிக்கப் பயன்படுத்தினார். பேக்ஹேண்டில் எதிராளியைக் குழப்பி ஒரு தளர்ந்த பந்தை வரவழைப்பது, அதை ஃபோர்ஹேண்டில் முடிப்பது. இவ்வளவுதான் திட்டம், ஆனால் உலகமே எட்டு வருடம் இதற்கு விடை தேடியது.

தேசியப் பெண்கள் அணியில் இவரைச் சேர்க்கப் போராடியவர் ஜாங் ஷியேலின். யார் அவர்? 1963-இல் ஆண்கள் இரட்டையர் உலக சாம்பியன். பேனாப் பிடியில் லாங் பிம்பிள்ஸ் வைத்து வெட்டி ஆடிய விசித்திர ஆட்டக்காரர், அந்த ரப்பரை உலகுக்குக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர். விதிவிலக்காக ஆடி ஜெயித்த ஒரு மனிதர்தான் இன்னொரு விதிவிலக்கை அடையாளம் கண்டார். இது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. 1988-இல், 15 வயதில் டெங் தேசிய அணிக்குள் வந்தார். மறு வருடமே ஜெர்மனியின் டோர்ட்முண்டில் சியாவ் ஹோங்கோடு சேர்ந்து இரட்டையர் உலக சாம்பியன்.

சியாவ் ஹோங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக முடியாது. டெங்கைவிட நான்கைந்து வயது மூத்தவர். அதே டோர்ட்முண்டில் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் அவர்தான். அதன் பிறகு பெரிய இறுதி ஆட்டங்களில் டெங்கிடம் தோற்பதே அவருக்கு வாடிக்கையானது: 1992 பார்சிலோனா ஒலிம்பிக் இறுதி, 1995 உலக சாம்பியன்ஷிப் இறுதி. தன்னைத் தோற்கடித்த அதே பெண்ணோடு தோளோடு தோள் நின்று இரண்டு ஒலிம்பிக்கில் இரட்டையர் தங்கம் வாங்கினார். டெங்கின் நான்கு ஒலிம்பிக் தங்கங்களில் இரண்டில் பாதி சியாவ் ஹோங்குடையது. இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்.

சரி, தோல்விகளுக்கு வருவோம். 1991, ஜப்பானின் சிபாவில் உலக சாம்பியன்ஷிப். வடகொரியாவும் தென்கொரியாவும் முதல்முறையாக ஒரே கொரிய அணியாக வந்தன. பெண்கள் குழுப் போட்டியில் சீனா அதற்கு முன் தொடர்ந்து எட்டு முறை பட்டம் வென்றிருந்தது. இறுதியில் கொரியா 3-2 என்று சீனாவை வீழ்த்தியது. முதல் ஆட்டத்திலேயே யூ சுன்-போக் என்ற வடகொரியப் பெண்ணிடம் டெங் தோற்றார். 18 வயதுப் பெண் தலையில் அந்தத் தோல்வி எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே போட்டியில், சில நாட்களிலேயே, அதே கொரிய அணியின் லீ புன்-ஹுயியைத் தோற்கடித்து ஒற்றையர் உலக சாம்பியன் ஆனார். அடுத்த வருடம் பார்சிலோனாவில் இரண்டு தங்கம்.

1993, ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் உலக சாம்பியன்ஷிப். ஒலிம்பிக் சாம்பியன், உலகின் முதல் நிலை வீராங்கனை, ஒற்றையரில் ஜிங் ஜுன்ஹோங்கிடம் தோற்று ஆரம்பச் சுற்றிலேயே வெளியேறினார். ஜிங் ஆடியது சிங்கப்பூருக்காக, ஆனால் அவர் ஷாங்காயில் வளர்ந்து பயின்றவர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1994, ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு. இறுதி ஆட்டத்தில் டெங்கை வீழ்த்தியவர் ஜப்பானின் கோயாமா சிரே, 30 வயது. அவருடைய பழைய பெயர் ஹே ஜிலி. 1987-இல் நம் டெல்லியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் சீனாவுக்காக ஒற்றையர் பட்டம் வென்றவர். அந்தப் போட்டியின் அரையிறுதியில் சக சீன வீராங்கனைக்கு விட்டுக்கொடுத்துத் தோற்கும்படி அணியிலிருந்து சொல்லியிருந்தார்கள். அவர் மறுத்து, ஆடி, ஜெயித்து, சாம்பியனும் ஆனார். அடுத்த வருடம் சியோல் ஒலிம்பிக் அணியில் அவர் பெயர் இல்லை. பிறகு ஜப்பானியர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு ஜப்பானுக்குப் போய்விட்டார். ஹிரோஷிமாவில் அவர் ஜெயித்தபோது சீனாவில் கோபம் கொந்தளித்தது. என் மனம் அவர் பக்கம்தான். நேர்மையாக ஆடியதற்காக ஒலிம்பிக்கை இழந்த ஒரு பெண் ஏழு வருடம் கழித்து மேசையில் பதில் சொன்னார். டெங்மீது எனக்கு இருக்கும் மரியாதை இதைச் சொல்வதால் ஒரு துளியும் குறையவில்லை.

டெங் திரும்பி வந்தார். 1995-இல் சொந்த மண்ணில், தியான்ஜினில், ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம். அந்தப் போட்டியில் இருந்த ஏழு பட்டங்களையும் சீனாவே அள்ளியது.

அப்புறம் அட்லாண்டா, 1996. இறுதியில் எதிரே நின்றவர் சென் ஜிங். 1988-இல் டேபிள் டென்னிஸ் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது பெண்கள் ஒற்றையர் தங்கத்தைச் சீனாவுக்கு வாங்கிக் கொடுத்தவர். இப்போது தைவான் அணியில். ஜிங், கோயாமா, சென்: மூவரும் டெங் வளர்ந்த அதே பயிற்சி முறையில் வளர்ந்தவர்கள். சீனாவுக்கு வெளியிலிருந்து டெங்கை மிரட்டியவர்களில் பெரும்பாலோர் சீனாவே உருவாக்கி வெளியே அனுப்பியவர்கள்தான்.

அப்போது ஒரு கேம் 21 பாயிண்ட், ஐந்தில் மூன்று ஜெயிக்க வேண்டும். முதல் இரண்டு கேம் டெங்குக்கு, 21-14, 21-17. மூன்றாவதில் 22-20 என்று சென் பிடித்துக்கொண்டார். நான்காவதும் சென்னுக்கே, 21-17. இரண்டு கேம் முன்னிலையை இழந்து ஐந்தாவது கேமுக்குப் போகிறவர் மனம் எப்படி இருக்கும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். கை இறுகிவிடும், பத்திரமாக ஆடலாம் என்று தோன்றும், கால் தானாகவே ஒரு எட்டு பின்னால் போகும். டெங் பின்னால் போகவில்லை. ஐந்தாவது கேமின் ஸ்கோர் 21-5. ஒலிம்பிக் ஒற்றையர் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்ட முதல் ஆட்டக்காரர் அவர். ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் சமராஞ்சே வந்து பதக்கத்தை அணிவித்தார்.

1997-இல் மான்செஸ்டரில் மறுபடியும் மூன்று தங்கம். ஒற்றையர் இறுதியில் அவரிடம் தோற்றவர் வாங் நான் என்ற இளம் இடக்கை ஆட்டக்காரர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வாங் நானுக்குப் போனது. டெங் 24 வயதில் ஓய்வு பெற்றார்.

அதற்குப் பிறகான வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்குவா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கச் சேர்ந்தார். ஆரம்பத்தில் 26 எழுத்துகளையும் எழுதச் சொன்னபோது பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். 2001-இல் மாஸ்கோவில் பெய்ஜிங்குக்கு ஒலிம்பிக் கேட்டு ஆங்கிலத்தில் பேசினார். நாட்டிங்காமில் முதுகலை, 2008-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். பிறகு அரசுப் பத்திரிகையான மக்கள் நாளிதழ் தொடங்கிய தேடுபொறி நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். அது ஓடவில்லை, கடுமையான விமர்சனமும் வந்தது. மேசையில் ஜெயித்தவர் எல்லா இடத்திலும் ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

இப்போது அட்லாண்டா இறுதியின் ஐந்தாவது கேமைத் திரையில் போடச் சொல்லியிருக்கிறேன். முதல் தடவை பார்க்கும்போது டெங்கின் கால்கள் மேசையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் தடவை பேக்ஹேண்டில் அவர் தட்டும் ஒவ்வொரு பந்துக்கும் சென் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பயிற்சியாளர்கள் கேள்விகளை எழுதி வையுங்கள், முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பேசுவோம்.