சாமான் கோச்சி ஊருக்குள் வருமுன்
(கிளிநொச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பிரதேச சபைத் தவிசாளரும் உறுப்பினர்களும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். நல்லதாய்ப் போயிற்று. நான் கேட்கப்போவது உங்களிடம்தான், அதுவும் காசு.

போன மாசியில் ட்ரக்டர் பெட்டியில் நெல் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனேன். ரயில் கடவையில் கம்பம் இறங்கிவிட்டது. முன்னால் லொறி, பின்னால் பஸ், திருப்ப இடமில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மழை. படங்கு இழுப்பதற்குள் மேல் மூட்டைகள் நனைந்துவிட்டன. ஆலைக்காரர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு நெல்லை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். "ஈரம் அண்ணை" என்றார். அவ்வளவுதான், விலை இறங்கிவிட்டது.

கோச்சியை, அதுதான் ரயிலை, திட்ட மனம் வரவில்லை. 1990 இல் நின்ற கோச்சி 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போன ஊர் இது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அன்று என்னை மறித்தது பயணிகள் ரயில். நமது சீமெந்து, உரம், கோதுமை மா எல்லாம் ஏ9 வீதியில் லொறியில் வருகின்றன. நெல்லும் அதே வீதியால்தான் தெற்கே போகிறது. (அதே வீதியோரத்தில் நெல்லைக் காயப்போட்டு நாமும் பாதியை அடைக்கிறோம். அதை இன்னொரு நாள் பேசுவோம்.) ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து இந்தத் தண்டவாளத்தில்தான் போனது. சாமானை மறுபடி ரயிலில் ஏற்றுங்கள் என்று எல்லாரும் கேட்கிறோம். நானும் கேட்கிறேன். ஆனால் எங்கே ஏற்றி இறக்குவது? யோசிக்காமல் விட்டால் நகர நடுவிலுள்ள நிலையத்தில்தான். பெட்டிகளைக் கழற்றி, முன்னும் பின்னும் தள்ளி, பக்கப் பாதையில் விடும்வரை கடவை மூடியே கிடக்கும்.

இதை அனுபவித்துப் பார்த்த பிறகு காசு கொட்டிய ஊர்கள் உண்டு. லொஸ் ஏஞ்சலிஸ், லோங் பீச் என்ற இரண்டு துறைமுக நகரங்களும் 1989 இல் கூட்டாக ஓர் அதிகாரசபை அமைத்தன. 2002 இல் சாமான் ரயிலுக்கென்றே 32 கிலோமீற்றர் பாதை திறந்தது. அதில் பாதித் தூரம் நிலத்தை வெட்டி இறக்கிய அகழி. சுமார் 200 கடவைகளில் வாகனங்கள் காத்துக்கிடப்பது ஒழிந்தது. செலவு 240 கோடி டொலர். வாங்கிய கடனை அடைக்க, ரயில் கம்பனிகளிடம் கொள்கலனுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறவிட்டார்கள். ஆனால் அந்தப் பாதை ஊடறுத்துப் போன சின்ன நகரங்கள், முடிவெடுக்கும்போது எங்களைக் கேட்கவில்லை என்று வழக்குக்குப் போயின. எனக்கு உறைத்தது இந்தக் கடைசிப் பகுதிதான்.

நமக்கு அகழி வேண்டாம். ரயிலில் சாமான் ஏற்றி இறக்கும் முற்றம் இன்னும் ஊருக்குள் வரவில்லை, வராததைத் தள்ளி வைப்பது மலிவு. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலுள்ள மாங்குளத்தைப் பாருங்கள். நிலையம் இருக்கிறது, ஏ9 பக்கத்திலேயே ஓடுகிறது, கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே வெள்ளாங்குளத்துக்கும் வீதி பிரிகிறது. முற்றத்தை அங்கே போட்டால் லொறிகள் கிளிநொச்சி நகருக்குள்ளோ வவுனியா நகருக்குள்ளோ நுழையாமல் பிரிந்து போகலாம்.

"ரயில் கொழும்பின் கையில், சபைக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். உண்மைதான். வீடு, கடைகளுக்கு வசூலாகும் சோலைவரி குப்பை அள்ளவே காணாது என்பதும் தெரியும். ஆனால் முற்றத்துக்குப் போகும் உள்வீதியும் வடிகாலும் கட்டட அனுமதியும் சபைகளின் கையில்தானே? வன்னிச் சபைகள் சேர்ந்து ஒரே தீர்மானம் நிறைவேற்றி, ஆளுக்கொரு சிறு தொகை ஒதுக்கினால் போதும். காசு போட்டவனைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். போடாதவனுக்கு எல்லாம் முடிந்த பிறகு கடிதம் வரும்.

அடுத்த பாதீட்டில் முதல் வருடத்துக்கு நில அளவைக் கூலி மட்டும் எழுதுங்கள். நனைந்த நெல்லில் போன காசு அளவுக்கு நானும் என் பங்கைத் தருகிறேன். ரசீது தந்தால் சரி.