தாடையில கை வெச்சுத் தூங்குற அந்த போட்டோவை எப்படி எடுத்தீங்கன்னு கேளுங்க

வணக்கம் மக்களே. பிறந்த குழந்தைக்கு போட்டோஷூட் பண்ண ஆள் தேடிக்கிட்டு இருக்கீங்கன்னா, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாத்துருங்க.

ஸ்க்ரீன்ல இருக்குற இந்த போட்டோ உங்க எல்லாருக்கும் தெரியும். குழந்தை ரெண்டு முழங்கையையும் ஊனி, உள்ளங்கையில தாடையைத் தாங்கித் தூங்குது. தவளை போஸ்னு சொல்லுவாங்க. ஆனா எந்தப் பச்சக் குழந்தையும் தானா இப்படி இருக்காது, இருக்கவும் முடியாது. பிறந்த குழந்தைக்கு உடம்பு நீளத்துல நாலுல ஒரு பங்கு தலைதான், அதைத் தாங்குற பலம் கழுத்துல இல்ல. இது உண்மையில ரெண்டு போட்டோ. ஒண்ணுல உதவியாளர் உச்சந்தலைப் பக்கமா தலையைப் பிடிச்சிருப்பாங்க. இன்னொண்ணுல கீழ மணிக்கட்டு ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சு, அது வழியாத் தலையைத் தாங்கியிருப்பாங்க. அப்புறம் போட்டோஷாப்ல ரெண்டையும் ஒண்ணாக்கி, பிடிச்ச கையை அழிச்சிடுவாங்க. குழந்தையை விட்டுக் கை ஒரு நொடி கூட நகராது.

அதனால போட்டோகிராஃபர்கிட்ட முதல் கேள்வி விலை கிடையாது. "இதை எப்படி எடுத்தீங்க, எடிட் பண்ணாத ரெண்டு போட்டோவையும் காட்டுங்க." தொழில் தெரிஞ்சவங்க சந்தோஷமா எடுத்துக் காட்டுவாங்க. "குழந்தை நல்லாத் தூங்குச்சு மேடம், அப்படியே வெச்சு எடுத்துட்டோம்"னு பதில் வந்தா, அந்த இடத்தை விட்டுருங்க, ஆல்பம் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. தூளி கட்டித் தொங்குற மாதிரி வர்ற போட்டோவும் இப்படித்தான். குழந்தை மெத்து மெத்துன்னு இருக்குற பீன் பேக் மேல படுத்திருக்கும், தொங்குறது எடிட்ல வரும்.

கூடை, வாளி வெச்சு எடுத்தா, அடியில 2, 3 கிலோ மணல் பை வெச்சிருக்காங்களான்னு பாருங்க. தலை கனம் ஒரு ஓரத்துக்குப் போனா கூடை அப்படியே சாயும். பக்கத்துல கை எட்டுற தூரத்துல ஒரு ஆள் உக்காந்தே இருக்கணும். மேலேர்ந்து எடுக்கும்போது கேமரா பட்டை போட்டோகிராஃபர் கழுத்துல மாட்டியிருக்கணும். கீழ இருக்குறது குழந்தை.

இப்ப என் கையில இருக்குற இந்தக் குழந்தைப் பொம்மையைக் கொஞ்சம் கிட்ட காட்டுறேன். தாடை நெஞ்சுல போய் ஒட்டுது பாருங்க. இதுதான் ஆபத்து. குழந்தையோட மூச்சுக்குழாய் சின்னது, மென்மையானது, கழுத்து முன்னால மடிஞ்சா அதுவும் மடிஞ்சு அடைபடும். சத்தமே இருக்காது, அழாது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல என் விரல் போகுற மாதிரி இடைவெளி எப்பவும் வேணும். அடுத்து துணி சுத்துறது. நெஞ்சுப் பக்கம் ரெண்டு விரல் நுழையணும். கால் இப்படி மடங்கி, வெளிப்பக்கம் விரியுற அளவுக்கு இடம் இருக்கணும். காலை நேரா நீட்டி இறுக்கிக் கட்டக் கூடாது, இடுப்பு மூட்டு இன்னும் சரியா அமையாத வயசு, விலகிடலாம். பாதம் ஊதா நிறமா மாறுனா உடனே போஸை மாத்தச் சொல்லுங்க. நல்ல போட்டோகிராஃபர் நீங்க சொல்றதுக்கு முன்னாடியே மாத்தியிருப்பாங்க.

அடுத்தது சூடு. துணி இல்லாம எடுக்கும்போது அறை 26லேர்ந்து 28 டிகிரி இருந்தாப் போதும். மே மாசம் சென்னையில ஹீட்டர் எதுக்கு, ஏசியையும் ஃபேனையும் நிறுத்துனாலே சரியாப் போகும். ஊட்டியிலயோ ஏசி ஸ்டுடியோவுலயோ ஹீட்டர் வெச்சா, தள்ளி வெக்கணும், காத்து குழந்தை மேல நேரா அடிக்கக் கூடாது. அடிக்கடி பின்னங்கழுத்தைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. வேர்வை இருந்தா சூடு அதிகம்னு அர்த்தம்.

எந்த நாள்ல எடுக்குறது? சுருண்டு படுக்குற போஸ் எல்லாம் 5ஆம் நாள்லேர்ந்து 14ஆம் நாளுக்குள்ளதான் சுலபமா வரும். அந்த நாட்கள்ல ஆழ்ந்து தூங்கும், வயித்துக்குள்ள இருந்த மாதிரியே மடங்கியும் இருக்கும். அதுக்கப்புறம் விழிச்சிருக்குற நேரம் கூடும், மூணாவது வாரத்துலேர்ந்து முகத்துல சின்னச் சின்னப் பருவும் வரலாம். ஆனா நம்ம வீடுகள்ல 11 நாள், 16 நாள், சில வீடுகள்ல 30 நாள் தீட்டுன்னு வெளியாளை உள்ள விட மாட்டாங்க. அதுக்காகப் பாட்டிகிட்ட சண்டை போட வேண்டாம். 30 நாளுக்கு மேல எடுத்தா கண்ணைத் திறந்து பாக்குற போட்டோ கிடைக்கும், அம்மா மடியில, அப்பா தோள்ல வெச்சு எடுக்கலாம். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். "40 நாள் குழந்தைக்கும் எல்லா போஸும் வரும்"னு சொல்றவங்களை மட்டும் நம்பாதீங்க. குறைமாசக் குழந்தைன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு நாள் குறிங்க.

சிசேரியன்னா வீட்டுக்கே வந்து எடுக்குறவங்களைப் பாருங்க. ஒரு ஷூட் பால் குடுக்குறது, துணி மாத்துறது எல்லாம் சேர்ந்து 3 மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரம் தாய் வேற இடத்துல உக்காந்திருக்க முடியாது. வீட்டுல பெரிய ஜன்னல் பக்கத்துல 6க்கு 8 அடி இடம் போதும். அந்த நேரத்துல மஞ்சள் பல்பை அணைச்சிருங்க, இல்லன்னா ஜன்னல் வெளிச்சமும் பல்பும் கலந்து தோல்ல ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் மஞ்சளும் ஏறும், எடிட்ல சரி பண்றது கஷ்டம்.

மஞ்சள்னதும் ஒண்ணு சொல்லணும். பிறந்த சில நாள்ல நிறைய குழந்தைக்கு மஞ்சள் காமாலை தெரியும். போட்டோகிராஃபர் அதை எடிட்ல எடுத்துருவேன்னு சொல்லுவாங்க. எடுக்கட்டும். ஆனா கண்ணு மஞ்சளா இருந்தா, பால் சரியாக் குடிக்கலன்னா, ஷூட்டைத் தள்ளி வெச்சிட்டு டாக்டர்கிட்ட போங்க.

வர்றவங்களுக்கு சளி, காய்ச்சல் இருந்தா தேதியை மாத்துவாங்களான்னு முன்னாடியே கேளுங்க. கக்குவான் இருமல் தடுப்பூசி போட்டிருக்காங்களான்னும் கேளுங்க, பெரியவங்களுக்கு சாதாரண இருமலா இருக்குறது பச்சக் குழந்தைக்கு உயிரையே எடுக்கும். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு ரெண்டு நாளைக்குள்ள ஷூட் வெக்காதீங்க. பிறந்ததும் இடது கையில பிசிஜிங்கிற காசநோய்த் தடுப்பூசி போட்ட இடம், சில வாரம் கழிச்சு வீங்கும், அந்தப் பக்கம் அழுத்திப் படுக்க வெக்க வேண்டாம்னு சொல்லிருங்க.

துணி, குல்லா எல்லாம் ஒவ்வொரு குழந்தைக்கும் அப்புறம் துவைக்குறாங்களா, வாசனை இல்லாத சோப்பா? முடி உதிர்ற கம்பளித் துணி வேண்டாம், மூக்குக்குள்ள போகும். தலையில போடுற பட்டை ஒரு நிமிஷத்துலயே கோடு போட்டுச்சுன்னா இறுக்கம்.

நம்ம பக்கத்துல குழந்தைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுறது வழக்கம். அதை முந்தின நாளே முடிச்சிருங்க, அன்னைக்கே தேய்ச்சா நெத்தியெல்லாம் லைட் பட்டுப் பளபளக்கும். சாம்பிராணிப் புகை வேண்டாம், பவுடர் வேண்டாம். கண்ணுக்கு மை இட வேண்டாம், கடை மையில ஈயம் கலந்திருக்க வாய்ப்பிருக்கு. ஆனா அரைஞாண் கயிறும் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டும் போட்டோவுல வேணும்னா முன்னாடியே சொல்லிருங்க, இல்லன்னா தேவையில்லாததுன்னு நினைச்சு எடிட்ல துடைச்சிடுவாங்க. அது அந்தக் குழந்தையோட அடையாளம், அவங்களுக்கு எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிசு தோல் நிறம். நிறைய பேரோட ஆல்பத்துல எல்லாக் குழந்தையும் ஒரே வெளிர் நிறமா இருக்கும். அது வெளிச்சம் கிடையாது, எடிட். உங்க பாப்பா மாநிறம்னா மாநிறமாத்தான் வரணும். அவங்க இன்ஸ்டாவைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஒரே ஒரு குழந்தையோட முழு கேலரியையும் கேளுங்க, 30, 40 போட்டோ. அதுல அப்பா, அம்மா கையும் இருக்கும். குழந்தை தோலும் பெத்தவங்க தோலும் சம்பந்தமே இல்லாம இருந்தா, அந்த போட்டோகிராஃபர் உங்க வீட்டுல பிறக்காத ஒரு குழந்தையைத்தான் போட்டோவுல உங்களுக்குக் குடுப்பார்.

ஏழாம் மாசத்துலயே பேசி வெச்சிருங்க. பிரசவ தேதி முன்னபின்ன ஆகும், தேதி மாறுனா அட்வான்ஸ் போகுமா நிக்குமான்னு எழுத்துல வாங்குங்க. எத்தனை எடிட் பண்ண போட்டோ, எத்தனை செட்டப், எத்தனை நாள்ல குடுப்பாங்க, ஜி.எஸ்.டி. தனியா, இல்ல சேர்த்ததா, எல்லாமே. நம்ம நாட்டு 1957 காப்புரிமைச் சட்டத்தோட 17ஆவது பிரிவுப்படி, காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு முதல் உரிமையாளர் நீங்கதான், வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும். அதனாலதான் சிலர் நீங்க கையெழுத்துப் போடுற தாள்ல உரிமையைத் தன் பக்கம் எழுதி வெச்சிருப்பாங்க. வாசிச்சுட்டுப் போடுங்க. விளம்பரத்துக்குக் குழந்தை படத்தைப் போடக் கூடாதுன்னா அதையும் அதே தாள்ல எழுதச் சொல்லுங்க.

போட்டோவை வாட்ஸ்அப்ல வாங்காதீங்க, சுருக்கிடும். பென் டிரைவ்ல முழு அளவுல வாங்கி, அவங்க முன்னாடியே ஒண்ணைத் திறந்து பாருங்க. 12க்கு 18 இன்ச் பிரின்ட் போடணும்னா 3600க்கு 5400 பிக்சல் இருக்கணும். லிங்க்ல குடுத்தா அது எந்தத் தேதி வரைக்கும் இருக்கும்னு கேட்டுட்டு, அன்னைக்கே இறக்கி ரெண்டு இடத்துல வெச்சிருங்க.